சபைக் கணக்கில் வராத குடிகள்: உடுவிலில் இடம்பெயர்ந்தோரும் உள்ளூராட்சியும்

கேள்வி

1990 யூன் நடுப்பகுதியில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து சண்டைக்குத் தப்பித் தெற்கே நடந்த சனத்தில் ஒரு பகுதி யாழ்ப்பாணத்தின் உடுவில் பிரதேசத்துக்குள் வந்து இறங்கியது. சுன்னாகம், மருதனார்மடம், இணுவில் எல்லாம் அவர்கள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்துபோன இடங்கள்தான். ஓரிரு கிழமையில் சண்டை ஓய்ந்துவிடும், வீட்டுக்குப் போய்விடலாம் என்பதே எல்லோருடைய கணக்கும். சுன்னாகத்தின் சபாபதிப்பிள்ளை முகாம், உடுவில் பக்கத்துக் கண்ணகி முகாம், மல்லாகத்தின் கோணப்புலம் என்று பெயர் பெற்ற நலன்புரி நிலையங்கள் கால் நூற்றாண்டு தாண்டியும் கலையவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே தாய் தகப்பனாகவும் ஆனார்கள்.

இடம்பெயர்ந்த மக்களின் துயரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதைவிடக் குறுகிய ஒரு கேள்வி. ஓர் ஊர் ஆயிரக்கணக்கான அகதிகளை ஏற்கும்போது அந்தச் சுமை அவ்வூரின் உள்ளூராட்சி மன்றத்தின்மீது எப்படி விழுகிறது? இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் நகரசபைகள் இதை உரத்துக் கேட்கின்றன, நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோகின்றன. உடுவிலில் அது கேட்கப்படவே இல்லை. ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு வழக்கமாகத் தரப்படும் விடைகள் போதுமானவை அல்ல என்பதே என் வாதம்.

சட்டப்படி இவர்கள் எல்லை தாண்டாதவர்கள், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் இலங்கை கைச்சாத்திட்டதும் இல்லை. ஆனால் தங்க இடமும் தண்ணீரும் மலசலகூடமும் தேடுகிற இடத்தில் அந்த வேறுபாடு பெரிதாகப் பொருட்படுவதில்லை. ஆகவே இரு வகையினரையும் சேர்த்தே பார்க்கிறேன்.

வழங்கிவரும் இரு விளக்கங்கள்

முதலாவது, யாழ்ப்பாணச் சமூகம் தன் சனத்தைத் தானே தாங்கிக்கொண்டது என்பது. இதில் உண்மை இருக்கிறது. 1958இலும் 1983இலும் தெற்கில் அடிபட்ட தமிழரைக் கப்பல்கள் வடக்கே கொண்டுவந்தபோது பள்ளிக்கூடங்களும் கோயில் மடங்களும் திறந்துவிடப்பட்டன. 1983இல் 'லங்கா கல்யாணி' கப்பல் வந்தடைந்த காங்கேசன்துறை, ஏழு ஆண்டுகளில் தானே அகதியூரானது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது உடுவில் சனமும் அதற்குள்தான் நடந்தது. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் பிறர் வளவில் ஆறு மாதம் இருந்துவிட்டு 1996இல் திரும்பினார்கள். ஏற்றவர்களே ஏற்கப்பட்டவர்களாகவும் ஆன அந்த அனுபவம் இடம்பெயர்ந்தோர்மீது வெளிப்படையான வெறுப்பு வளராமல் தடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இது முழுக்க முழுக்க இராணுவம் பிடித்துவைத்திருக்கும் காணிகளின் பிரச்சினை. காணியை விட்டால் முகாம் தானாகவே கலையும் என்பது. அரசியல்வாதிகளும் உரிமை அமைப்புகளும் நின்ற தளம் இது. இதற்கும் நல்ல ஆதாரங்கள் உண்டு. 2003இல் நாடாளுமன்ற உறுப்பினர் மாவை சேனாதிராஜா உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல்கள் மரங்களில் ஒட்டப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். 2015இலிருந்து விடுவிப்பு துண்டு துண்டாக நடந்தது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம், 2018 ஏப்ரலில் 683 ஏக்கர் என்று அது நீண்டது.

இரண்டு விளக்கங்களும் ஒரே இடத்தில் இடறுகின்றன. முதலாவது, தாங்கியது யார், எவ்வளவு தாங்கினார்கள் என்று கேட்பதில்லை. இரண்டாவது, திரும்பிப் போகச் சொந்தக் காணியே இல்லாதவர்களை மறந்துவிடுகிறது. சமூகம் என்றும் அரசு என்றும் பேசுகிற இரண்டிலும் நடுவில் இருக்கிற உள்ளூராட்சி மன்றம் காணாமல் போகிறது.

சபை இருந்த காலமும் இல்லாத காலமும்

உடுவில் பிரதேச செயலகப் பிரிவும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபையும் ஒரே நிலப்பரப்பின் இரண்டு நிர்வாகங்கள். முன்னது கொழும்பிலிருந்து அரசாங்க அதிபர் வழியாக இறங்கி வருவது. பின்னது ஊரவரின் வாக்கில் நிற்க வேண்டியது. பழைய கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்காகக் கலைக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆனால் 1991இல் நாட்டின் பெரும்பகுதியில் முதல் பிரதேச சபைத் தேர்தல் நடந்தபோது யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1990 யூனில், சனம் வந்து இறங்கியபோதும் வலிகாமம் தெற்கில் சபை என்பது ஒரு கந்தோரும் ஒரு செயலாளரும் சில தொழிலாளரும்தான். தெரிவான உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

1998 சனவரியில் குடாநாட்டின் 17 மன்றங்களுக்கும் தேர்தல் வைக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே யாழ் மாநகர முதல்வர்கள் இருவர், சரோஜினி யோகேஸ்வரனும் பொன் சிவபாலனும், அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சூழலில் ஒரு பிரதேச சபை முகாம்களின் மலசலகூடங்களைப் பற்றி நிதானமாக விவாதித்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. 2011 யூலையில் மீண்டும் தேர்தல், பிறகு 2018 பெப்ரவரியில், பிறகு 2025 மே 6இல். இடைவெளிகளில் செயலாளரோ ஆணையாளரோ ஆண்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுக் கதையில் மக்கள் பிரதிநிதிகள் உட்கார்ந்த காலம் சிறுபான்மை.

இதனால் முகாம் விவகாரம் தொடக்கத்திலிருந்தே சபையின் மேசைக்கு வரவில்லை. பதிவு, உலர் உணவு நிவாரணம், முகாம் அட்டை, கணக்கெடுப்பு எல்லாம் விதானையார் வழியாகப் பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் போயின. நிவாரணப் பொருள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் கிடைத்தது. செயலகப் பதிவுகளில் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருப்போர், உறவினர் நண்பர் வீட்டில் இருப்போர் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். இரண்டாவது கூட்டமே எப்போதும் பெரிது. நிவாரணம் கொடுக்கத் தலை எண்ணியாக வேண்டும், ஆகவே செயலகத்திடம் எண் இருந்தது. குப்பை அள்ளுவதற்குத் தலை எண்ணத் தேவையில்லை என்பதால் சபையிடம் எண் இருக்கவில்லை.

காணி, கிணறு, சாதி

சுமை உண்மையில் எங்கே இறங்கியது என்பதைப் பார்க்க ஒரு யாழ்ப்பாணத்து உறுதியைக் கையில் எடுத்தால் போதும். காணியின் பெயர் வரும். பரப்பும் குழியும் வரும். நாலு எல்லைக்கும் சொந்தக்காரர் பெயர் வரும். அதற்குப் பிறகு, எழுதிய நொத்தாரிசு யாராக இருந்தாலும், கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை இன்னது என்று ஒரு வரி இருக்கும். உடுவிலின் செம்மண் நிலத்தில் வெங்காயமும் புகையிலையும் போடுகிறவருக்கு அந்த வரிதான் உயிர். ஒரு கிணறு நாலைந்து குடும்பத்துக்குப் பங்காகி, யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பது பரம்பரையாகத் தீர்ந்திருக்கும்.

இப்படி நாலைந்து குடும்பத்துக்குக் கணக்கிட்டு வெட்டிய கிணற்றில் ஒரு நாள் முப்பது நாற்பது குடும்பம் வாளியோடு வந்து நிற்கிறது. முதல் மாதம் இரக்கம் பேசும். வறட்சி மாதங்களில் தண்ணீர் கீழே இறங்கி வாளி அடியைத் தட்டும்போது பங்குக்காரர் பேசத் தொடங்குவார்கள். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். குழி மலசலகூடத்தின் கழிவு கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்கு இறங்க நாள் எடுப்பதில்லை. சில பரப்புக்குள் நெருக்கியடித்துத் தகரக் கொட்டில்கள் எழும்பிய வளவொன்றில் கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே விட வேண்டிய தூரத்தை எங்கே விடுவது? பொதுச் சுகாதாரம் சபையின் முதற்கடமை என்கிறது சட்டம். அந்தக் கடமை இங்கே பங்குக்காரர் சண்டையாக மாறியது.

காணிக்காரரின் நிலையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முகாம்களிற் பல தனியார் காணிகளில் எழுந்தவை. சிலர் வெளிநாட்டிலிருந்தபடியே சம்மதம் சொன்னவர்கள், சிலரிடம் கேட்கவே இல்லை. சில மாதத்துக்கென்று விட்ட வளவை இருபது வருடம் விற்கவும் முடியவில்லை, மகளுக்குச் சீதனமாக எழுதவும் முடியவில்லை. பத்து வருட ஆட்சியில் உரித்துக் கோரலாம் என்ற சட்டத்தின் பயம் வேறு. சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவருக்கு அப்படி உரித்து வராது என்று சட்டம் தெரிந்தவர் சொல்வார். ஆனால் சம்மதத்துக்கு எழுத்தில் சான்று இல்லாதபோது பயம் நியாயமானதே. கல்வைத்துக் கட்டவிடாமல் காணிக்காரர் தடுத்ததற்கும், கிடுகும் தகரமுமாகவே கொட்டில்கள் தலைமுறை கடந்ததற்கும் இந்தப் பயமே பெருங் காரணம் என்று கருதுகிறேன். போரால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களைப் பாதுகாக்க 2016இல் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. முகாமுக்குக் காணி கொடுத்தவருக்கு என்ன ஈடு என்பதற்கு எந்தச் சட்டமும் வரவில்லை.

எல்லோரும் முகாமில் தங்கவில்லை என்பதே இதில் மிக முக்கியமான உண்மை. வசதியிருந்தவர் வாடகைக்கு வீடெடுத்தார், காணி வாங்கினார், கொழும்புக்கோ கனடாவுக்கோ போனார். 2009இல் காலிங்க ரியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் சாதிப் பாகுபாடு குறித்துத் தொகுத்த ஆங்கில ஆய்வு நூல், நீண்டகாலம் முகாம்களில் எஞ்சியோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும், காசு வைத்திருந்தாலும் சுற்றியிருந்த ஊர்களில் அவர்களுக்குக் காணி விற்க உயர்சாதியினர் தயங்கினர் என்பதையும் சுட்டிக்காட்டியது. யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமை இதற்கு ஒரு மறைமுகத் துணை. 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டத்தின்படி ஒரு காணியை வெளியாருக்கு விற்கு முன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். பிடிக்காத ஆள் வருகிறார் என்றால் ஒரு பங்காளி தானே வாங்க முன்வந்து மறித்துவிடலாம். சாதியின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

இந்த இடத்தில்தான் 'சமூகம் தாங்கியது' என்ற விளக்கம் உடைகிறது. சமூகம் எல்லோரையும் ஒரே அளவில் தாங்கவில்லை. உறவும் காணியும் உள்ளவரை வீட்டுக்குள் எடுத்தது. இல்லாதவரை ஒழுங்கைக் கரையில் விட்டது. உடுவில் என்றதும் 1824இல் தொடங்கிய மகளிர் கல்லூரியைப் பெருமையோடு சொல்கிற நாம், அதே பிரதேசத்தின் முகாம்களை அந்தப் பெருமையோடு சேர்த்து நினைப்பதில்லை.

வாக்கும் சோலைவரியும்

பிரதேச சபைக்கு வருமானம் சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டம், மேலிருந்து வரும் மானியம். சுன்னாகம் சந்தை வலிகாமத்தின் பெருஞ் சந்தைகளில் ஒன்றென்றாலும், பவுசரும் உழவு இயந்திரமும் வாங்கிக் குவிக்குமளவுக்குப் பணக்காரச் சபை அல்ல இது. முகாம் கொட்டிலுக்குச் சோலைவரி இல்லை. அங்கு குடியிருப்பவரின் வாக்கோ பெரும்பாலும் அவர்கள் விட்டுவந்த வலிகாமம் வடக்கில். சொந்த ஊரில் பெயர் வெட்டுப்பட்டால் காணியும் போய்விடும் என்று சனம் அஞ்சியது, அதில் தவறில்லை. 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வடக்கில் இடம்பெயர்ந்தோர் பழைய இடத்திலேயே வாக்காளராகப் பதிய வழி செய்தது. உரிமைப் பார்வையில் நல்ல சட்டம்.

அதன் மறுபக்கத்தை யாரும் பேசவில்லை. 2011இல் வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்குத் தேர்தல் நடந்தபோது அதன் பல கிராமங்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. அந்தச் சபைக்கு வாக்காளர் இருந்தார்கள், சேவை செய்ய நிலம் இல்லை. வலிகாமம் தெற்குச் சபைக்கு நிலமும் சனமும் இருந்தன, அந்தச் சனத்தின் வாக்கு இல்லை. வாக்கில்லாத, வரியில்லாத ஒரு முகாமுக்கு வடிகால் வெட்ட வேண்டும் என்று எந்த உறுப்பினர் எழுந்து பிரேரணை வைப்பார்? பிரதேச சபைகள் சட்டம் சபையைத் தன் எல்லைக்குள் இருக்கும் மக்களின் சுகாதாரத்துக்கும் வசதிக்கும் நலனுக்கும் பொறுப்பாக்குகிறதேயொழிய, வரி கட்டுவோருக்கு மட்டும் என்று சொல்லவில்லை. சட்டம் விட்ட இடத்தை வழக்கம் அடைத்துக்கொண்டது.

தண்ணீர் விடயத்தில் சபையால் இயங்க முடியும் என்பதற்குச் சுன்னாகமே சான்று. சுன்னாகம் மின் நிலைய வளாகத்திலிருந்து கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் 2014, 2015 அளவில் வெடித்தபோது ஒழுங்கை முனைகளில் தாங்கிகள் வைக்கப்பட்டன, பவுசர்கள் ஓடின. வழக்கு உயர்நீதிமன்றம் போய், 2019 ஏப்ரலில் நோர்தேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. காணிச் சொந்தக்காரரின் கிணறு கெட்டபோது ஊரும் சபைகளும் மாகாண அரசும் ஒன்றாக விழித்தன. முகாம் கிணறுகளுக்காக அப்படி ஒரு விழிப்பு அதற்கு முந்திய இருபது வருடத்தில் வரவில்லை.

எப்பிங்கும் புத்தளமும்

இங்கிலாந்தில் 1996இல் புகலிடம் கோருவோர் பலரின் உதவிப்பணம் வெட்டப்பட்டபோது, 1948ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் வக்கற்றவரைப் பேணும் கடமை நகரசபைகளுக்கே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. லண்டன் சபைகள் கத்தின. 1999இல் சட்டம் மாற்றப்பட்டு, பொறுப்பு உள்நாட்டு அமைச்சுக்குப் போனது. சனம் நாடெங்கும் பரப்பப்பட்டது. அண்மையில், 2025 ஓகஸ்டில், எப்பிங் வன மாவட்ட சபை பெல் ஹோட்டலில் புகலிடம் கோருவோரைத் தங்கவைப்பதற்கு எதிராகத் திட்டமிடல் சட்டத்தைக் காட்டி இடைக்காலத் தடை வாங்கியது. பத்து நாளில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. இந்தக் கதையில் நம்மவரும் உண்டு. 1987இல் 'ஏர்ள் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலை ஹார்விச் துறைமுகத்தில் கட்டி அதில் அடைத்து வைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். 2023இல் போர்ட்லண்ட் துறைமுகத்துக்கு வந்த 'பிபி ஸ்டொக்ஹோம்' மிதவை முதலாவது அல்ல.

கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரம் வலிகாமம் தெற்குச் சபைக்கும் உண்டு. முகாம் கொட்டில் எதற்கும் அது கேட்கப்படவில்லை, சபை தடுக்கவும் இல்லை. எப்பிங்கின் ஆயுதத்தை உடுவில் எடுக்கவில்லை என்பது நல்லதே. ஆனால் தடுக்காத சபை, முகாமை ஒழுங்குபடுத்தவும் இல்லை. எப்பிங்கில் எதிர்ப்பாவது வெளியே பேசப்பட்டுப் பதிலும் பெற்றது.

நம் நாட்டிலேயே இன்னொரு பாடம் புத்தளம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதி அங்கேதான் தங்கியது. அவர்களுடைய வாக்குப் பதிவும் வேலைவாய்ப்பும் பல்கலைக்கழக அனுமதியும் அங்கே வெளிப்படையான உரசலாக வந்தன. ஏனெனில் அவர்கள் காணி வாங்கி அங்கேயே வாக்களிக்கவும் தொடங்கினார்கள். உரசல் கசப்பானது. ஆனாலும் அதனால்தான் 2007இல் உலக வங்கி நிதியில் வந்த புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் இடம்பெயர்ந்தவரோடு ஊரவரில் வசதியற்றவருக்கும் இடம் கிடைத்தது. உடுவிலில் காணி கொடுத்தவரையும் கிணறு கொடுத்தவரையும் யாரும் பயனாளியாக எண்ணவில்லை.

திரும்பியோரும் தங்கியோரும்

2015 டிசம்பரில் கோணப்புலம் முகாமுக்கு வந்த சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ஆறு மாதத்தில் எல்லோரையும் குடியேற்றுவதாக வாக்குக் கொடுத்தார். காணி விடுபட்டவர் போனார்கள். காணியே இல்லாதவருக்காக இராணுவம் கட்டிய நல்லிணக்கபுரம் என்ற நூறு வீட்டுத் திட்டம் 2016இல் கீரிமலைப் பக்கத்தில் திறக்கப்பட்டது. வீட்டுத் திட்டங்களின் அடிப்படை விதியே இங்கே தடை: இந்திய வீட்டுத் திட்டம் கொடுத்த 5.5 இலட்சம் ரூபாவோ பின்னால் அரசு கொடுத்த தொகையோ கைக்கு வரச் சொந்தமாகக் காணி இருக்க வேண்டும். முகாமில் எஞ்சியவருக்கு இல்லாதது அதுதான். கொஞ்சப் பேர் இரண்டு பரப்பை எப்படியோ வாங்கி உடுவில் பிரதேசத்திலேயே நிரந்தரமானார்கள். முப்பது வருடம் வேலையும் பள்ளிக்கூடமும் இங்கே என்றான பிறகு, பார்க்காத ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த எந்த நியாயமும் இல்லை. 2016இல் அமைச்சரவை ஏற்ற, இடம்பெயர்வுக்கான தீர்வுகள் குறித்த தேசியக் கொள்கையும் விருப்பத் தெரிவை ஒப்புக்கொள்கிறது.

புதிய வருகைகளிலும் உள்ளூராட்சி மன்றத்தை ஒதுக்கிவிடும் இதே நடைமுறை தொடர்கிறது. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நீர்கொழும்பில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பாகிஸ்தானிய, ஆப்கானியப் புகலிடம் கோருவோரில் ஒரு பகுதியினர் வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கேயும் எதிர்ப்பு எழும்பியது. அதுவும் தொண்ணூறுகளில் வன்னிச் சனம் வருடக்கணக்கில் முகாமிருந்த அதே பூந்தோட்டத்தில். 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக் கடலில் மீட்கப்பட்ட 104 ரோகிஞ்யர் காங்கேசன்துறையில் கரைசேர்ந்தனர். 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்காலில் ஒதுங்கிய நூற்றுக்கு மேற்பட்ட ரோகிஞ்யர் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைக்கப்பட்டனர்; 2017இல் தம் காணியைக் கேட்டு ஊர்ச்சனம் வாசலில் குந்தியிருந்தது அந்த முகாமுக்கு எதிரேதான். கரையொதுங்கியவர்களுக்கு மீனவர் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். இவர்களை எங்கே தங்கவைப்பது, யார் செலவு ஏற்பது என்ற முடிவுகளைக் கடற்படையும் குடிவரவுத் திணைக்களமும் நீதிமன்றமும் எடுத்தன.

2025 மே தேர்தலின் பின் வலிகாமம் தெற்கில் உட்கார்ந்திருக்கும் சபையால் காணி விடுவிக்க முடியாது, வீட்டுத் திட்டம் கொண்டுவரவும் முடியாது. ஆனால் தன் எல்லைக்குள் இன்னும் பிறர் காணியில் இருக்கும் குடும்பங்களைத் தானே எண்ணலாம். அந்த எண்ணை மானியக் கோரிக்கையில் சேர்க்கலாம். முகாமுக்குக் காணி கொடுத்தவருக்குச் சோலைவரி விலக்கு அளிக்கும்படி மாகாண சபை நிர்வாகத்தைக் கேட்கலாம். பொதுக் கிணறும் கழிவு அகற்றலும் எந்த ஒழுங்கையில் தேவை என்பதை வாக்காளர் இடாப்பைப் பார்க்காமல் தீர்மானிக்கலாம். எதற்கும் புதிய சட்டம் வேண்டாம். ஒரு மாதாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இடம் வேண்டும்.